புதைந்த ஆயில் டேங்க்: 2,800 டாலர் போச்சு

ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக எப்படிச் செய்வது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் எங்கள் வீடு, 1956-இல் கட்டியது. அந்தக் காலத்தில் இங்கே பல வீடுகளைச் சூடாக்கியது டீசல் மாதிரியான எண்ணெய்தான். இரும்பு டேங்கைத் தோட்டத்தில் புதைத்துவிடுவார்கள். கேஸ் வந்ததும் அதை அப்படியே மண்ணுக்குள் விட்டவர்கள் ஏராளம். எங்களுடையது 550 கேலன் டேங்க். விலை குறைகிறதே என்று தெரிந்தேதான் வாங்கினோம்.

டேங்குக்கு ஒரு வழி பண்ண, வீட்டு ரிப்பேர் வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஆப் ஒன்றில் தேடினேன். இரண்டு பேர் தோண்டி எடுக்கத்தான் வேண்டும் என்று பெரிய தொகை கேட்டார்கள். மூன்றாமவர், வாசலில் கிடந்த எங்கள் செருப்புகளைப் பார்த்ததும் தானாகவே பூட்ஸைக் கழற்றினார். மாமியார் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போனார். அந்த டம்ளரில் விழுந்தோம். "எண்ணெயை உறிஞ்சிட்டு மணல் நிரப்பி மூடிடலாம், 2,800 போதும், பெர்மிட் என் பொறுப்பு" என்றார். அப்படி மூடுவதும் முறையான வழிதான், அதனால்தான் நம்பினேன். வேலை நடந்த மதியம் நான் மீட்டிங்கில் இருந்தேன். எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

டேங்கை முறையாக மூடியதற்குச் சான்றிதழ் கேட்டால் முதலில் டவுன்ஷிப் (உள்ளூர் நகராட்சி) இன்ஸ்பெக்டர் லீவு. அப்புறம் பனி. அப்புறம் "அதெல்லாம் ஆபீஸ்ல பாப்பாங்க". ஆபீஸ் எண்ணுக்கு அடித்தால் எடுப்பது அதே குரல்! ஆப்காரர்களோ, அறிமுகம் செய்வது மட்டும்தான் எங்கள் வேலை என்று முடித்துவிட்டார்கள்.

போன வாரம் டவுன்ஷிப் ஆபீஸுக்கே போனேன். அங்கிருந்த அம்மா கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். எங்கள் முகவரியில் டேங்குக்கு ஒரு பெர்மிட்டும் இல்லை. செவ்வாய்க்கிழமை வேறு ஆள் பெர்மிட்டோடு வந்து தோண்டி, டேங்கின் மேல்தகட்டை அறுத்தார். எண்ணெய் ஊற்றும் குழாய்க்கு நேர் கீழே கோலமாவு கொட்டியது போல ஒரு குவியல் மணல். சுற்றிலும் கறுப்பு எண்ணெய். 2,800 டாலருக்கு அந்தக் குவியல்! டேங்கை வெளியே தூக்கினால் அடியில் ஊசித் துளைகள். கசிவு என்றால் மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லியாயிற்று. வீட்டு இன்ஷூரன்ஸில் இது வராதாம். சமையலறை வரை டீசல் நாற்றம்.

விவரமாகச் சொல்வதாகச் சொன்னேன், மண் பரிசோதனைக்காரர் வந்துவிட்டார். சுருக்கமாக: பெர்மிட் எண்ணை டவுன்ஷிப்பில் நீங்களே கேட்டுச் சரிபாருங்கள். இன்ஸ்பெக்டர் பார்க்கும் முன் குழியை மூட விடாதீர்கள். உறிஞ்சிய எண்ணெய் எங்கே போனது என்பதற்கு ரசீது வாங்குங்கள். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள், நான் கொடுத்தேன். வீடு வாங்கப் போகிறவர்கள், கையெழுத்துப் போடும் முன்பே டேங்க் புதைந்திருக்கிறதா என்று தோட்டத்தை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். காபி மட்டும் கொடுக்காதீர்கள்.