வகுப்பறையா, வயலா, செல்போனா? மீஞ்சூர்ப் பக்கத்துக்கு ஏற்ற பாசனப் பயிற்சி எது?

மணலியைத் தாண்டி மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் போனால் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் பார்த்து நெல் நடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நகரத்துக்கும் ஆலைக்கும் பாசனத்துக்கும் பல காலமாக நிலத்தடி நீரை உறிஞ்சியதில், கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. எவ்வளவு பாய்ச்சுவது என்பதோடு, எந்தத் தண்ணீரைப் பாய்ச்சுவது என்றும் இங்கே கற்றாக வேண்டும்.

திரூர் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் நடக்கும் ஒருநாள் பயிற்சி சொட்டுநீருக்குப் போதும். சொட்டுநீர் அமைக்கச் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. குழாய் வந்துவிடுகிறது, பராமரிப்புதான் வருவதில்லை. ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவது, பக்கக் குழாயின் முனையைத் திறந்துவிட்டு அழுக்கை வெளியேற்றுவது, உப்பு அடைத்தால் அமிலம் விடுவது எல்லாம் ஒரே நாளில் கைக்கு வந்துவிடும்.

நெல்லுக்கு அது போதாது. 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறையில், ஓட்டை போட்ட குழாயை வயலில் புதைத்து, உள்ளே நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகே மறுபடி 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்ச வேண்டும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. சொல்லப் பத்து நிமிஷம்தான். ஆனால் மண் லேசாக வெடிக்கும்போது மோட்டார் போடாமல் இருக்கத் தைரியம் வேண்டுமே! அந்தத் தைரியம் பக்கத்து வயலைப் பார்த்துத்தான் வரும். உப்புத் தண்ணீர் வயலில் இன்னொரு சிக்கல்: காயவிட்டால் வேர்ப்பகுதியில் உப்பின் செறிவு ஏறும். அதனால் அந்த 15 செ.மீ. கணக்கை அங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, வாராவாரம் பயிரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 1989-இல் இந்தோனேசியாவில் பூச்சி மேலாண்மைக்காகத் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி இதற்கென்றே அமைந்த மாதிரி. பட்டம் முழுக்க ஒரே வயலில் கூடி, பார்த்து, பேசிக் கற்பது அது.

செல்போன் மானியப் பதிவுக்கும் வானிலைக்கும் நல்லது. தமிழக அரசின் உழவன் செயலியை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் (போர்) தண்ணீர் உப்பா என்று அது சொல்லாது.

சரி, என் ஓட்டு வயல்வெளிப் பள்ளிக்கே. ஒரு நிபந்தனையோடு. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து ஆள் கூப்பிடக் கூடாது. மடை திறப்பவர் குத்தகைக்காரராகவோ கூலிக்கு வரும் பெண்ணாகவோ இருக்கலாம். அவருக்கு அரைநாள் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். முதல் வாரமே ஒவ்வொருவரும் அவரவர் பாய்ச்சும் போரிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரட்டும், பரிசோதனையிலிருந்தே பாடம் தொடங்கட்டும்.