கொழுந்துக் கணக்கும் பெருத்துப்போன பதிவுக் கோப்பும்: எஸ்.க்யூ.எல். சேர்வர் எக்ஸ்பிரஸ் குறித்த மதிப்பீடு

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் அலுவலகத்தில் செக்ரோலையும் (வேலையாட்களின் வரவு, சம்பளப் பதிவேடு) கொழுந்து நிறுவைக் கணக்கையும் மைக்ரோசொப்டின் இலவச தரவுத்தள மென்பொருளான எஸ்.க்யூ.எல். சேர்வர் எக்ஸ்பிரஸின் 2019 பதிப்பில் வைத்திருக்கிறோம். இடிமின்னலோடு மின்சாரம் நின்றுபோகும் மலைநாட்டுக்கு இது மிகவும் ஏற்றது. ஒவ்வொரு மாற்றமும் தரவுக் கோப்பைச் சேருமுன் பரிவர்த்தனைப் பதிவுக் கோப்பில் எழுதப்படுவதால், நிறுவையின் நடுவே கணினி அணைந்தாலும் உறுதிசெய்யப்பட்ட வரிகள் அழிவதில்லை.

அந்தக் கோப்பின் பருமனை மட்டும் நாம்தான் கவனிக்க வேண்டும். எங்கள் தரவு 1 கிகாபைட்டைக்கூடத் தாண்டாதிருக்க, பதிவுக் கோப்பு 60 கிகாபைட்டாக வளர்ந்து வன்தட்டை நிரப்பியது. சம்பளத்துக்கு முதல்நாள், பதிவுக் கோப்பு நிரம்பிவிட்டதைச் சொல்லும் 9002 என்ற பிழை தோன்றி வேலை நின்றது. எக்ஸ்பிரஸ் 2019 ஒரு தரவுத்தளத்துக்கு விதிக்கும் 10 கிகாபைட் வரம்பில் பதிவுக் கோப்பு சேராது. ஆகையால் அந்த வரம்பு இதைத் தடுக்கவில்லை. தவறு எங்களுடையது. எக்ஸ்பிரஸில் புதிதாக உருவாக்கும் தரவுத்தளம், பதிவுக் கோப்பினுள் இடத்தைத் தானாகவே விடுவிக்கும் 'சிம்பிள்' மீட்பு முறையில் அமையும். எங்களுடையது வேறு பதிப்பொன்றிலிருந்து கொண்டுவரப்பட்டதால் 'ஃபுல்' முறையிலேயே இருந்தது. அம்முறையில் பதிவுக்கென்று தனியாக பெக்கப் எடுத்தால்தான் கோப்பினுள் இடம் விடுபடும். இரவுதோறும் நாங்கள் எடுத்த முழு பெக்கப் அதைச் செய்யாது.

'சிம்பிள்' முறைக்கு மாற்றிவிடும்படி பலர் சொன்னார்கள். நான் உடன்படவில்லை. மாலையில் வன்தட்டு பழுதானால் முந்தைய இரவின் பெக்கப்புக்கே திரும்ப நேரும். காலை நிறுவையும் பகல் நிறுவையும் போய்விடும். மழையில் நனைந்து கொழுந்து பறித்த ஒரு பெண்ணின் பேர் (ஒரு நாள் சம்பளக் கணக்கு) அரைப்பேராகிவிடும். அதற்கு ஈடாக வன்தட்டில் இடத்தை மிச்சப்படுத்துவது நியாயமாகாது.

எனவே 'ஃபுல்' முறையை வைத்துக்கொண்டு, 30 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு பெக்கப்பை வேறொரு வன்தட்டுக்கு எடுக்கிறோம். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும் ஏஜென்ட் வசதி எக்ஸ்பிரஸில் இல்லாதது உண்மையான குறை. விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலர் வழியாக பெக்கப் கட்டளையை இயக்க வேண்டியிருக்கிறது. பின்னர் 'டிபிசிசி ஷ்ரிங்க்ஃபைல்' கட்டளையால் கோப்பை ஒரேயொரு தடவை 2 கிகாபைட்டாகச் சுருக்கினோம். இதை மாதந்தோறும் செய்வது வீண், ஏனெனில் கோப்பு மறுபடி வளரும் ஒவ்வொரு முறையும் புதிய இடம் முழுவதும் பூச்சியத்தால் நிரப்பப்படும்வரை புதிய வரிகளை எழுதும் வேலை காத்திருக்கும்.

ஏஜென்ட் இல்லாமைக்காக ஒரு புள்ளி குறைத்து, ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன்.