ஒரே வேகம், வேறு கம்பெனி: இரண்டு ரேம் சேர்த்து ஓட்டிய அனுபவம்

வேலூர் சத்துவாச்சாரியில் ஃப்ளெக்ஸ் டிசைனும் கல்யாண ஆல்பமும் செய்யும் கம்ப்யூட்டர் இது. ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 3200 வேக டிடிஆர்4 ரேம் 8 ஜிபி. போட்டோஷாப்பில் பெரிய பேனர் ஒன்றைத் திறந்தாலே திணறும். அதனால் இன்னொரு 8 ஜிபி சேர்த்தேன். பழைய மாடல் கிடைக்கவில்லை. வேறு கம்பெனி, ஆனால் அதே 3200, அதே சிஎல்16 (ரேம் பதில் தர எடுக்கும் தாமதத்தைச் சொல்லும் எண்). "ரெண்டும் 3200தானே சார், ஓடும்" என்றார் கடைக்காரர்.

ஓடியது. எப்படி ஓடியது என்பதுதான் விஷயம்.

மாட்டியதும் ஃபேன் சுற்றியது, டிஸ்ப்ளே வரவில்லை. இந்த போர்டில் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டும்தான் கிளிப். அந்தப் பக்கம் 'டக்' என்று விழுந்தாலும் கிளிப் இல்லாத முனை கொஞ்சம் தூக்கியபடி நிற்கும். இரண்டு முனையையும் அழுத்தியதும் சரியானது. நாலு ஸ்லாட் போர்டென்றால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். பெரும்பாலான போர்டுகளில் டூயல் சேனலுக்கு, அதாவது இரண்டு ரேமும் இணையாக வேலை செய்வதற்கு, அதுதான் இடம்.

சில மாதங்கள் நிம்மதி. அப்புறம் மே மாதம் வந்தது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா வைகாசி முதல் நாள் என்பதால் பேனர் வேலை குவிகிற நேரம். வெளியே 105 டிகிரி வெயில். மதியமானால் விண்டோஸ் நின்றுபோய் ப்ளூ ஸ்கிரீன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சேவ் செய்த ஆல்பப் பக்கத்தில் மாப்பிள்ளை முகத்துக்குக் குறுக்கே பச்சைக் கோடு விழுந்தபோதுதான் பயம் வந்தது. சர்வீஸுக்கு வந்தவர் விண்டோஸைப் புதிதாகப் போட்டு, காசும் வாங்கிக்கொண்டு போனார். மறுநாளும் அதே கதை.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு ஓட்டினேன். இலவசப் பதிப்பே போதும். ஒவ்வொரு ரேமையும் தனித்தனியாகச் சோதித்தால் பிழை இல்லை. இரண்டையும் சேர்த்தால் இரவில் பாஸ், மதியம் ஃபெயில்.

காரணம் இதுதான். டிடிஆர்4-இன் இயல்பான மின்னழுத்தம் 1.2 வோல்ட். என்னுடைய ரேம்களில் சிஎல்16-ஓடு 3200 என்பது எக்ஸ்எம்பியை (ரேமிலேயே பதிந்து வரும் கூடுதல் வேக செட்டிங்) ஆன் செய்து 1.35 வோல்ட்டில் எடுக்கிற வேகம், அதாவது ஓவர்கிளாக், இயல்பைத் தாண்டி ஓட்டுவது. ஸ்டிக்கரில் சிஎல் போன்ற நாலைந்து டைமிங் (தாமத அளவுகள்)தான் அச்சிடுவார்கள், அச்சிடாதவை ஏராளம். உள்ளே இருக்கும் சிப் வேறென்றால் அவையும் வேறு. ஒரே செட்டிங்கில் இரண்டும் ஓட வேண்டும் என்பதால் ஓரத்தில் நின்றபடிதான் ஓடுகின்றன. சூடு ஏறினால் மெமரி செல்களில் மின்னூட்டம் வேகமாகக் கசியும். அந்த ஓரமும் போய்விடும்.

தீர்வுக்குக் காசு செலவில்லை. பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டு செட்டிங்கில்) ரேம் வேகத்தை 3200-லிருந்து 2933-ஆக இறக்கினேன், டைமிங்கைத் தொடவில்லை. கேபினெட்டின் முன் ஃபேனில் அடைத்திருந்த தூசியையும் எடுத்தேன். அதற்குப் பிறகு வந்த கோடையில் ஒரு ப்ளூ ஸ்கிரீன்கூட இல்லை. வேலையில் வேக வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. 8-லிருந்து 16 ஆனதுதான் உண்மையான மாற்றம். பேனர் ஃபைல் திறந்திருக்கும்போதே ஆல்பமும் திறக்க முடிகிறது.

ரப்பர் வைத்துத் தேய்க்கும் நம் ஊர் வைத்தியம் பற்றி ஒரு வார்த்தை. தொடுமுனையில் அழுக்கு இருந்தால் பலன் உண்டு. ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, ரப்பர் துகளும் ஸ்லாட்டுக்குள் போகும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியே மேல்.

புதிதாக வாங்குபவர்கள் ஒரே பெட்டியில் வரும் ஜோடியாக வாங்குங்கள். பழைய மெஷினுக்கு என்றால் டிடிஆர்3-ஆ 4-ஆ என்று முதலில் பாருங்கள். ஒன்றில் 240 பின், மற்றதில் 288, வெட்டும் வேறு இடத்தில் இருக்கும், ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. பில்லை அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். ரேமுக்குப் பல வருட வாரண்டி உண்டு. தெர்மல் பேப்பர் பில் நம் ஊர் வெயிலில் சீக்கிரமே வெறும் தாளாகிவிடுகிறது.