சீனி சிவப்புச் சீனியான கதை: வெள்ளை நாயும் மூன்று வருடக் கறையும்

எங்கள் நாய்க்குச் சீனி என்று பெயர் வைத்தது மகள். பொமரேனியன் கலப்பு, மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் நிறமும் சீனி மாதிரி வெள்ளையாகவே இருந்தது. ஐந்தாம் மாதம் கண்ணுக்குக் கீழே இரண்டு கோடு, பிறகு வாயைச் சுற்றி, ஒரு வருடத்துக்குள் முன்கால் விரல்களும் செம்மண்ணில் தோய்த்த மாதிரி. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன மனே, நாய்க்கும் வெத்திலை பழக்கிப் போட்டியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து வீட்டில் அது சிவப்புச் சீனி.

வந்தது 2022 இல். டொலர் தட்டுப்பாட்டில் மனிதருக்கே மருந்து தேடி அலைந்த நேரம், நாய்ச் சாமானுக்குக் கேட்கவே வேண்டாம். அப்படியும் கொழும்பிலிருந்து ஒருவர் மூலம் கண்ணீர்க் கறைப் பவுடர் ஒரு டப்பா எடுப்பித்தேன், சாப்பாட்டில் தூவிக் கொடுப்பது. மூன்று கிழமையில் கோடு மங்கியது, நானும் கண்டவர்களுக்கெல்லாம் அதைப் புகழ்ந்தேன். டப்பா முடிந்தது, கறை திரும்பி வந்தது. லேபிளில் "இயற்கை" என்பதைத் தவிர உருப்படியாக ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இந்த வகைப் பவுடர்கள் சிலவற்றில் டைலோசின் என்ற அன்டிபயோட்டிக் இருந்ததற்காக 2014 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் தயாரிப்பாளர்களை எச்சரித்ததைப் பிறகுதான் வாசித்தேன். வெறும் அழகுக்காக ஒரு பிராணிக்கு மாதக்கணக்கில் அன்டிபயோட்டிக் கொடுப்பது எனக்குச் சரிவரவில்லை, இரண்டாவது டப்பா வாங்கவில்லை.

பிறகு குசினி வைத்தியம். தேசிக்காய்ச் சாறு தடவினேன், சீனி இரண்டு நாள் என் பக்கம் வரவில்லை. வினாகிரியைத் தண்ணீரில் கலந்து குடிக்க வைத்தேன், கோப்பையைக் காலால் தட்டி ஊற்றியது. சோளமா பூசினால் ஈரத்தை இழுக்கும் என்றார்கள், அடுத்த நாள் காலையில் கண்ணடியில் களிதான் இருந்தது. மாமி சொன்னதைக் கேட்டுப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்குப் போடுகிற நீலத்தைக் கடைசித் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டதும் உண்டு. வெயிலில் பார்த்தால் நாய் இளநீலம்! வெள்ளை நாய்க்கென்று விற்கிற ஊதா ஷாம்புவும் இதே வித்தைதான், மஞ்சளைக் கண்ணுக்கு மறைக்குமே தவிர கறையை எடுக்காது. ஒருவர் ஹைட்ரஜன் பெரொக்சைட் என்றார். நல்ல காலம், அதைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோகவில்லை, கருவிழி புண்ணாகிவிடும்.

கடைசியில் போனது மிருக வைத்தியரிடம். முதலிலேயே போயிருக்க வேண்டும், அது வேறு கதை. அவர் சொன்னது, "தம்பி, நீங்க கறையோட சண்டை பிடிக்கிறீங்க, ஈரம் எங்கேயிருந்து வருதென்று பாருங்க." போர்ஃபிரின் என்ற செந்நிறப் பொருள் கண்ணீரிலும் எச்சிலிலும் வெளியேறுகிறதாம். முடி நனைந்தே இருந்தால் அது படிந்து, வெயில் பட இன்னும் கறுக்கும். கறுத்த நாய்க்கும் இதேதான் வடிகிறது, நமக்குத் தெரிவதில்லை. ஐந்தாம் மாதம் பல் மாறுகிற நேரம், அப்போது கண்ணீர் கூடுவதும் சாதாரணம்.

இரண்டு கண்ணிலும் சாயத் தாளைத் தொட்டு வைத்தார், கண் பச்சையாகப் பளபளத்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு மூக்குத் துவாரத்திலும் பச்சை எட்டிப் பார்த்தது. அப்படியென்றால் கண்ணீர்க் குழாய் அடைபடவில்லை. பிறகு லைட்டைப் பிடித்துக் காட்டினார். கண்ணின் உள்மூலையில் நாலைந்து மெல்லிய மயிர், ஒரு நுனி கண்ணீரில், மறு நுனி கன்னத்தில். விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அது கண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. அதை அவரே வெட்டிவிட்டார். அந்த மூலையில் நான் கை வைப்பதில்லை, ஆறு கிழமைக்கு ஒருமுறை கூட்டிப்போகிறேன்.

வீட்டில் செய்வது இவ்வளவுதான்: காலை மாலை கொதித்தாறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்து, காய்ந்த பஞ்சால் ஒற்றி எடுப்பது. இரண்டாவதைத்தான் நான் முன்பு செய்யாமல் விட்டேன். ஏற்கெனவே பிடித்த கறை போகாது. மனைவி நாயின் தலையைப் பிடிக்க, நான் முனை மழுங்கிய கத்தரிக்கோலால் கறை முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட, மூன்று மாதத்தில் வெள்ளை முடி வந்தது.

கால்தான் பெரிய தலையிடி. அது கண்ணீர் இல்லை, நக்கிய எச்சில். மார்கழி மழைக்கு முற்றம் முழுக்கத் தண்ணீர், விரலிடுக்கு காயவே காயாது, மோந்து பார்த்தால் புளித்த மாவு வாசனை. வைத்தியர் டேப்பை ஒட்டி எடுத்து மைக்ரொஸ்கோப்பில் பார்த்து ஈஸ்ட் என்ற பூஞ்சை என்றார். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கழுவல் தந்தார், பத்து நிமிடம் ஊற வேண்டும். அந்தப் பத்து நிமிடம் நாயை நக்கவிடாமல் பிடிப்பதுதான் வைத்தியத்தின் கஷ்டமான பகுதி. நாய் காலை நக்குவதற்கு உண்ணி, தெள்ளு, சாப்பாட்டு அலர்ஜி என்று காரணம் பல. எங்களுக்குத் தெள்ளும் இருந்தது. அதை ஒழித்த பிறகே விரல் நிறம் மாறியது.

இன்னொன்று தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு கூடுதல், வாளிக்குள் மஞ்சள் வளையம் நிற்கும். அம்மா என் பள்ளிக்கூடச் சட்டையை ஒருநாளும் அதில் தோய்த்ததில்லை, நான் என்னடாவென்றால் வெள்ளை நாயை இரண்டு வருடம் அதில் குளிப்பாட்டியிருக்கிறேன். பைப் தண்ணீருக்கு மாறியதும் முதுகு மஞ்சள் ஓரளவு விட்டது.

இப்போது கண்ணடி எண்பது வீதம் வெள்ளை. வாயோரம் அப்படியே, தண்ணீர் குடிக்கிற வாயை யார் காய வைப்பது? வவுணதீவுப் பக்கம் கிறவல் ரோட்டில் கூட்டிப்போனால் வயிறு செம்மண், ஆனால் அது ஒரு குளிப்பில் போய்விடும். ஒரு கண் மட்டும் திடீரென வடிந்தாலோ, நாய் கண்ணைச் சுருக்கினாலோ, பீளை மஞ்சள் பச்சையாக வந்தாலோ பஞ்சைத் தேடாமல் அன்றே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மாமி போன கிழமை பார்த்துவிட்டு, "வெத்திலையை விட்டுட்டுதோ?" என்றார். வாயை அவர் இன்னும் கவனிக்கவில்லை.