கேலப்பா, பியூவா: எதை எதற்கு நம்பலாம்?

அமெரிக்க மக்களின் மனநிலை பற்றிய செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர்கள் கேலப், பியூ ஆய்வு மையம். இரண்டும் கருத்துக்கணிப்பு நடத்துபவை. இரண்டும் ஒரே ரகம் இல்லை. கேலப் லாபத்துக்கு நடக்கும் நிறுவனம், பியூ அப்படியில்லை.

ஜார்ஜ் கேலப் 1935-ல் கணிப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதிபர் தேர்தல். லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை யாருக்கு ஓட்டு என்று கேட்டு ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, வந்து சேர்ந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை எண்ணி, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன்தான் வெல்வார் என்றது. பெயர்களைப் பெரும்பாலும் டெலிபோன், கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களில் எடுத்திருந்தார்கள், ஏழைகள் விடுபட்டார்கள். கேலப் மிகச் சிறிய மாதிரியை வைத்து ரூஸ்வெல்ட் என்றார். அதுவே நடந்தது. 1948-ல் அவரும் சறுக்கினார்: டியூயி வெல்வார் என்றார், ட்ரூமன் வென்றார். கணிப்பைச் சீக்கிரமே முடித்துக்கொண்டது ஒரு காரணம்.

1984-ல் அவர் காலமானார். 1988-ல் நிறுவனத்தை வாங்கியது நெப்ராஸ்காவில் டான் கிளிஃப்டன் தொடங்கிய எஸ்.ஆர்.ஐ. என்ற ஆய்வு நிறுவனம். அப்புறம் மேலாண்மை ஆலோசனையே முக்கியத் தொழிலாயிற்று. ஊழியர் ஈடுபாட்டை அளக்க 12 கேள்விகள், தனிமனிதரின் பலங்களைச் சொல்ல 34 தலைப்புகள் என்று நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். 2012 அதிபர் தேர்தலுக்கு முந்தைய கேலப்பின் கடைசிக் கணிப்பு ராம்னியை முன்னே காட்டியது, ஒபாமா வென்றார். 2016-ல் யார் முந்துகிறார் என்று கணிப்பதையே விட்டுவிட்டார்கள்.

பியூவின் வேர் 1990-ல் டைம்ஸ் மிரர் என்ற பத்திரிகை நிறுவனம் தொடங்கிய மையம். 1996-லிருந்து பியூ அறக்கட்டளையின் பணத்தில் நடக்கிறது. ஆலோசனை விற்பதில்லை. கேள்வித்தாளைப் படிக்கலாம், மூலத் தரவையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இந்தியாவில் மதம் பற்றி 17 மொழிகளில், ஏறக்குறைய 30,000 பேரை நேரில் சந்தித்துக் கேட்டு, 2021-ல் வெளியிட்டார்கள். அந்த அறிக்கையோடு சண்டை போடலாம். போடுவதற்கான ஆதாரத்தையும் அவர்களே தருகிறார்கள். எனக்கு இது பெரிய விஷயம்.

கேலப்பை ஒதுக்கிவிடவும் முடியாது. 1930-களிலிருந்து தொடரும் கேள்விகள் அவர்களிடம்தான் இருக்கின்றன. 2005-ல் தொடங்கிய உலகக் கணிப்பு 140-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்திருக்கிறது. உலக மகிழ்ச்சி அறிக்கையின் தரவரிசை அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் முழுத் தரவு வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும்.

எனவே நீண்ட கால மாற்றத்தைப் பார்க்க கேலப். மதம், அரசியல், ஊடகம் என்றால் தயங்காமல் பியூ. ஊழியர் ஈடுபாடு குறைந்துவிட்டது என்று கேலப் சொல்லும்போது மட்டும் நிதானமாகப் படியுங்கள். அதற்கான தீர்வையும் விற்பது அவர்களே.