எடை கூடியவர்களே, சஸ்பென்ஷன் மாற்றக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வயிறு எரிகிறது; ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஒரு மாதச் சம்பளத்தை முழுதாக வாங்கிக்கொண்டு, என் மோட்டார் சைக்கிளில் ஒரு ஸ்பிரிங்கைக்கூட மாற்றாமல் அனுப்பியிருக்கிறார்கள்.

என் எடை 110 கிலோ. பெரும்பாலான வண்டிகளின் ஸ்பிரிங், ஏறக்குறைய 70–80 கிலோ ஆளை மனதில் வைத்துப் போடப்படுவது. நான் உட்கார்ந்தாலே பின்பக்கம் அமிழ்ந்துவிடும். பள்ளத்தில் இறங்கினால் அடிவரை இடிக்கும். அதனால்தான் சஸ்பென்ஷன், அதாவது குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு, அந்த வேலை மட்டுமே செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பட்டறையைத் தேடிப் போனேன். உரிமையாளர் உள்ளே போய் ஒரு புது ஸ்பிரிங்கைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "உங்கள் எடைக்கென்றே வரவழைத்தது சார், கம்பியின் தடிமனைப் பாருங்கள்" என்றார். நல்ல கனம், சுருளின் பக்கவாட்டில் எண் அச்சிட்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? முழுப் பணத்தையும் அங்கேயே எண்ணிக் கொடுத்தேன்.

வண்டி கல்லாகத் திரும்பி வந்தது. சிறு மேடுகூட மணிக்கட்டில் அடித்தது. பெரிய பள்ளத்தில் பழையபடியே இடித்தது. கேட்டால், "புது ஸ்பிரிங் பழக வேண்டும், ஓட்டுங்கள்" என்றார். மறுபடி போனபோது, "மெக்கானிக் விடுப்பில் இருக்கிறார்." அதற்கடுத்த முறை, முகத்தைக்கூட நிமிர்த்தாமல், "உங்கள் உடம்புக்கு இவ்வளவுதான் செய்ய முடியும்" என்றார். ஒரு மாதச் சம்பளம் கொடுத்தவனுக்குக் கிடைத்த பதில் இது! இப்போது போனையே எடுப்பதில்லை.

வேறொரு மெக்கானிக் என் கண்முன் ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் குழாய்களை, திறந்தார். உள்ளே அதே பழைய ஸ்பிரிங். அதன் தலையில் வெட்டிவைத்த ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய்! ஆயிலை மட்டும் கெட்டியானதாக மாற்றியிருந்தார்கள். பின்னால் பிரீலோட் வளையத்தை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்திவைக்கும் வளையத்தை, கடைசி மரைவரை முறுக்கி, பழைய ஸ்பிரிங்குக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். தடிமன் அளக்கும் வெர்னியர் கருவியை வைத்துப் பார்த்தார். கம்பியின் தடிமன் கம்பெனி அளவேதான். பிரீலோடை முறுக்கினால் வண்டி உயரும், ஸ்பிரிங்கின் கடினம் கூடாது. அதற்குக் கம்பி தடிக்க வேண்டும், இல்லையென்றால் சுருளின் அளவோ சுற்றுகளோ குறைய வேண்டும். சுருளின் அளவும் சுற்றுகளும் மாறாமல் கம்பி பத்து சதவீதம் தடித்தாலே கடினம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிவிடும். இது தெரிந்தேதான் ஒரு மாதச் சம்பளத்தை வாங்கி உள்ளே போட்டிருக்கிறார்கள்.

விரிவாக எழுதப் பொறுமை இல்லை. உங்களை வண்டியில் உட்காரவைத்து, எவ்வளவு அமிழ்கிறது என்று டேப் பிடித்து அளக்காத பட்டறையில் வண்டியை விடாதீர்கள். சாலை வண்டிக்கு, சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய மொத்த தூரத்தில் 30 சதவீதம் அளவுக்கு அமிழ்ந்தால் சரி. நீங்கள் உட்கார்ந்தால் அளவு சரியாக வந்து, ஆளில்லாதபோது வண்டி தன் எடைக்குக் கொஞ்சமும் அமிழவில்லை என்றால், ஸ்பிரிங் உங்களுக்குப் போதாது. கடினமான ஸ்பிரிங் போட்டால் ரீபவுண்டையும், அதாவது அமுங்கிய ஸ்பிரிங் துள்ளி எழுவதை அடக்கும் பிடியையும், கூட்டச் சொல்லுங்கள். புது ஸ்பிரிங்கின் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங் கைக்கு வரும்வரை பணம் கொடுக்காதீர்கள்.