'ராணுவத் தரம்' என்று சொல்லி ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டார்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஒரு மாதச் சம்பளம் போயே போச்சு.

நான் தனியார் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன். பெரிய கூட்டம் என்றால் எங்கள் குழுவுக்கு வாக்கி டாக்கிதான் உயிர்நாடி. அதில் செருகித் தோளில் மாட்டிப் பேசும் பழைய தோள் மைக்குகள் தேய்ந்துபோனதால் புதியவை தேடினேன். சத்தம் அதிகமுள்ள வாசலில் நிற்பவர்களுக்கு ஹெட்செட்டும் வேண்டியிருந்தது. போலீஸ், ராணுவச் சாமான் மட்டும்தான் விற்பதாகச் சொல்லும் ஓர் இணையக் கடை கண்ணில் பட்டது. பெயர் போடவில்லை, போட்டால் நாளைக்கே வேறு பெயரில் கடை விரிப்பார்கள்.

விற்றவர் பேசிய விதத்தைச் சொல்ல வேண்டும். வாக்கி டாக்கி ரேடியோவின் மாடல் என்ன, மைக் செருகும் இடத்தில் பின்கள் எப்படி இருக்கும், படம் அனுப்புங்கள் என்று நிதானமாகக் கேட்டார். "சார், ஏர்சாஃப்ட் என்ற பொம்மைத் துப்பாக்கி விளையாட்டுக்குச் செய்த பொம்மையை ராணுவச் சாமான் என்று விற்கிறார்கள், ஏமாந்துவிடாதீர்கள்" என்று எனக்கே புத்தி சொன்னார். திருடனே வந்து கதவைத் தாழ் போடச் சொன்ன மாதிரி! அந்த வார்த்தையில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. உடனே பணம் கட்டினேன்.

வந்தது அதே பொம்மைதான். ஹெட்செட்டின் நேட்டோ வகை (ராணுவ ஹெட்செட்டுகளில் வரும்) பிளக் எங்களிடம் இருந்த அசல் பேச்சு பட்டனில், அதாவது அழுத்திப் பிடித்துப் பேசும் பட்டனில், கச்சிதமாக உட்கார்ந்தது, குரல்தான் போகவில்லை. அசல் ராணுவ ஹெட்செட்டில் பெரும்பாலும் டைனமிக் மைக் இருக்கும், அதற்கு ரேடியோவிலிருந்து மின்சாரம் வேண்டாம். இவர்கள் வைத்திருந்தது எலக்ட்ரெட் மைக், சின்ன மின்னழுத்தம் கொடுத்தால்தான் அது வாயைத் திறக்கும். பிளக் ஒன்றானால் போதுமா?

தோள் மைக் அதைவிட மோசம். தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி 67 தரக் குறியீட்டைப் போட்டிருந்தார்கள். அப்படியென்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்க வேண்டும். இது ஒரு மழைக்கே செத்தது. வெறுமனே செத்திருந்தால் பரவாயில்லை. உள்ளே தண்ணீர் போய்ப் பேச்சு பட்டன் அழுத்தினபடியே நின்றுவிட்டது. என் மூச்சுச் சத்தம் சேனல் முழுக்க ஓடியது, வேறு யாரும் பேச முடியவில்லை. வாசலில் நெரிசல் கூடிக்கொண்டிருக்கும்போது இது! மைக்கைப் பிடுங்கிய பிறகுதான் சேனல் விடுபட்டது. பிரித்துப் பார்த்தால் பட்டனைச் சுற்றி ரப்பர் வளையமே இல்லை.

அப்புறம் ஆரம்பித்தது நாடகம். முதலில் "பேட்டரி சார்ஜ் செய்து பாருங்கள்". பிறகு "உங்கள் ரேடியோவில் கோளாறு". வீடியோ கேட்டார்கள், அனுப்பினேன், "தெளிவாக இல்லை" என்றார்கள். கடைசியில் "திருப்பும் காலம் முடிந்துவிட்டது". காலம் கடந்ததே இவர்கள் இழுத்தடித்ததால்தானே! மில்-ஸ்டாண்டர்ட் 810 சான்றிதழ் என்று, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே கொடுத்த மாதிரி முத்திரை போட்ட ஒரு படமும் வந்தது. 810 என்பது சாமான் வெயில், மழை, அதிர்வு தாங்குமா என்று பார்க்கும் சோதனை முறைகளின் தொகுப்பு. அதை வைத்துத் தயாரிப்பாளரே சோதித்துக்கொள்ளலாம், அந்தத் துறை எந்த மைக்குக்கும் சான்றிதழ் எழுதிக் கொடுப்பதில்லை. இதை நான் கேட்டதும் சாட் உரையாடலையே மூடிவிட்டார்கள். மறுநாள் "ஐந்து நட்சத்திரம் கொடுங்கள்" என்று தானியங்கிச் செய்தி! ஒரு மாதச் சம்பளத்துக்கு ஐந்து நட்சத்திரமாம்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. மைக் டைனமிக்கா எலக்ட்ரெட்டா என்று எழுத்தில் வாங்குங்கள். ஒன்றை மட்டும் வாங்கி, நனைத்து, உங்கள் ரேடியோவிலேயே பேசிப் பாருங்கள். சோதனை அறிக்கை கேளுங்கள், முத்திரை போட்ட படம் வேண்டாம். கார்டில் கட்டுங்கள், நேரடிப் பரிமாற்றம் கூடவே கூடாது. நான் கார்டில்தான் கட்டினேன், வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு மாதச் சம்பளம் திரும்ப வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.